திரையும் மடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெரியோர்களே! தாய்மார்களே! முன்வரிசைப் பாயில் அமர்ந்து, இவ்வுரை எப்பொழுது முடியும், கலை நிகழ்ச்சி எப்பொழுது தொடங்கும் என்று எதிர்நோக்கியிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியத்தின் இன்பத்தையோ இலக்கணத்தின் அருமையையோ எடுத்துரைத்தல் மரபு. யாமோ கைப்பேசியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். "இஃது என்ன பொருத்தமற்ற பேச்சு?" என்று சிலர் எண்ணுதல் கூடும். சற்றே பொறுத்தருளுங்கள். நம் குழந்தைகளிடம் தமிழ் தங்குமா, தங்காதா என்னும் கேள்வி ஏட்டிலும் மேடையிலும் முடிவு செய்யப்படுவதன்று. உண்ணும் வேளையில் குழந்தையின் முன் நாம் எதை வைக்கின்றோம் என்பதிலேயே அது முடிவு செய்யப்படுகின்றது. ஆகலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நாம் இருக்கும் இடம்

வடமாலபேட்டை, புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே, சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தது. அவ்வேங்கட மலையின் அடிவாரத்திற்கு அண்மையில்தான் நாம் வாழ்கின்றோம். 1911ஆம் ஆண்டில் வடார்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் போன்ற பெரியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாகவும், படாஸ்கரின் பரிந்துரைப்படியும், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. நம் பகுதி ஆந்திரத்திலேயே இருந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது வடமாலபேட்டை அதன்கண் சேர்ந்தது.

இவற்றை மனக்குறையாகச் சொல்லவில்லை. இம்மண்ணின் தெலுங்கு நமக்கு அயல்மொழியன்று. அண்டை வீட்டாரின் அன்பு மொழி. சந்தையிலும் பேருந்திலும் பள்ளியிலும் அதுவே நமக்குத் துணை. பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழரும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவரும் தமிழரும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்கின்றோம். பள்ளியில் நம் பிள்ளைகள் கற்பன தெலுங்கும் ஆங்கிலமும். எனவே நம் குழந்தைக்குத் தமிழ்ப்பள்ளி எது என்று வினவினால், அதற்கு விடை ஒன்றே: அதன் வீடு. அந்த வீட்டிற்குள் இப்பொழுது மூன்றாவதாக ஒருவர் வந்து குடியேறியுள்ளார். அவர்தாம் கைப்பேசியார்!

எம் வீட்டு நிகழ்ச்சி

ஊராரைக் குறை கூறுமுன் எம் வீட்டையே எடுத்துக்கொள்கின்றோம். எம் மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வோர். பேரக் குழந்தை அப்போது மூன்றரை வயதினள். சோறூட்டும்போது அவள் ஓடுவாள். பாட்டியாருக்கோ முழங்கால் வலி. கைப்பேசியில் பாட்டு ஒன்றை வைத்துவிட்டால் குழந்தை அசையாது அமரும், கிண்ணமும் காலியாகும். "கல்விப் பாட்டுத்தானே, நல்லது கற்கட்டும்" என்று யாமும் மனநிறைவு கொண்டோம். ஆறு திங்களில் இருபது விலங்குகளின் பெயரையும் பத்து நிறங்களின் பெயரையும் ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பித்தாள். வந்த விருந்தினர் வியந்தனர். எமக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் மாலை அவளை அழைத்துக்கொண்டு மாந்தோப்புப் பக்கம் சென்றோம். எதிரே ஆட்டு மந்தை வந்தது. குட்டி ஒன்று அவள் கையை முகர்ந்தது. திரையில் நூறு முறை ஆட்டைக் கண்டு பெயர் சொன்ன குழந்தை, "தாத்தா, இது என்ன?" என்று அலறி எம் காலைக் கட்டிக்கொண்டது. அன்றிரவு யாம் எண்ணிப் பார்த்தோம். குழந்தை சொற்களைச் சொல்லிற்று; ஆயின் எவரிடமும் சொல்லவில்லை. அதன் வாயில் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களுக்குரிய பொருள்கள் இல்லை. அப்பிழை குழந்தையுடையதன்று, கருவியுடையதுமன்று. அருகில் அமராத எம்முடையதே அப்பிழை.

அறிஞர் கண்டவை

இது எம் வீட்டு விந்தை மட்டுமன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். அமெரிக்க நாட்டில் சூடி டிலோச்சு, சார்சீன் ட்ரோசெத்து என்னும் அறிஞர் இருவர் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அறை ஒன்றில் பொம்மை ஒன்றை ஒளித்துவைப்பதை இரண்டு வயதுக் குழந்தைக்குத் தொலைக்காட்சித் திரையில் காட்டினர். பின்பு அவ்வறைக்குள் விட்டுத் தேடச் சொன்னார்கள். பெரும்பாலான குழந்தைகளால் பொம்மையைக் கண்டுபிடிக்க இயலவில்லை. அதே நிகழ்ச்சியைச் சாளரத்தின் வழியே நேரிற் கண்ட குழந்தைகளோ எளிதில் கண்டுபிடித்தனர். திரையில் தெரிவது தன் உலகத்தைச் சார்ந்தது என்னும் உணர்வே அவ்வயதில் எளிதில் வருவதில்லை. அதை உணர்த்த ஒருவர் வேண்டும்.

மொழியைப் பற்றியது மற்றோர் ஆய்வு. இது நம் போன்றோர் நெஞ்சில் எழுதிக்கொள்ளத்தக்கது. 2003ஆம் ஆண்டில் பட்ரீசியா கூல் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும், ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்பித்தனர். ஒரு சாரார்க்குச் சீன மொழியாளர் எதிரே அமர்ந்து, கதை சொல்லி, பொம்மை காட்டி விளையாடினர். மற்றொரு சாரார்க்கு அதே மொழியாளரைத் திரையில் மட்டும் காட்டினர். இருசாரார்க்கும் பன்னிரண்டு அமர்வுகளே. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தனர். திரையில் மட்டும் கேட்ட குழந்தைகளிடம் அப்பயன் காணப்படவில்லை. கேட்ட ஒலியும் அதே, கேட்ட நேரமும் அதே. எதிரே முகம் இல்லாமையே வேற்றுமை.

ழகரமும் றகரமும் ணகரமும் உடைய நம் மொழிக்கு இதனினும் பெரிய எச்சரிக்கை எதற்கு? தமிழ்ப் பாட்டை இயந்திரத்தில் ஓடவிட்டு நாம் அடுக்களைக்குச் சென்றுவிட்டால் மழலையின் நாவில் ழகரம் தானே வந்து அமர்ந்துவிடாது.

அங்ஙனமாயின் திரையையே ஒழித்துவிடலாமே எனின், அதுவும் முழு உண்மையன்று. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள், காணொளி அழைப்பில் தம்முடன் மறுமொழி பேசுபவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றுக்கொண்டனர். பதிவு செய்து ஓடவிட்ட படத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் திரைதான். ஒன்றில் குழந்தை சிரித்தால் மறுபுறம் சிரிப்பு எழுகின்றது. மற்றொன்றில் குழந்தை அழுதாலும் பாட்டு நிற்பதில்லை. தொலைவிலுள்ள தாத்தா பாட்டியருடன் பேரக் குழந்தைகள் திரைவழியே பேசுவதைப் பற்றி வருந்த வேண்டுவதில்லை.

கூடிப் பார்த்த காலம்

நம் நாட்டிற்குத் திரை புதிதன்று. மின்சாரம் வருமுன்பே ஆந்திர நாட்டுச் சிற்றூர்களில் தோல்பாவைக் கூத்து நடந்தது. வெள்ளைத் துணியே திரை, பின்னால் விளக்கு, வண்ணந் தீட்டிய தோற்பாவைகள். இரவு முழுதும் இராமாயணமும் பாரதமும் நடக்கும். குழந்தை தாயின் மடியில் அமர்ந்திருக்கும். "அவன் யார்? ஏன் அழுகின்றான்?" என்று கேட்கும், தாய் சொல்வாள். உறங்கிவிட்டால் விடியற்காலையில் விட்ட கதையைப் பாட்டி சொல்லி முடிப்பாள். திரையும் மடியும் அக்காலத்தில் பிரியாதிருந்தன.

தொலைக்காட்சி வந்தபோதும் அவ்வாறே. 1959ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லியில் அது தொடங்கியபோது, பொது இடங்களில் பெட்டிகளை வைத்து மன்றங்கள் அமைத்து, மக்கள் கூடிக் கண்டு, கண்டதைப் பற்றி உரையாடுவதே நோக்கமாக இருந்தது. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. வகுப்பில் ஆசிரியர் உடனிருந்தார்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை இங்குள்ள முதியோர் சிலர் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அமெரிக்கா கடனாகத் தந்த ஏ.டி.எஸ். 6 என்னும் செயற்கைக்கோளின் வழியே, ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் வந்தன. கோழிவலை போன்ற கம்பி வலையால் செய்த பெரிய வட்டில் பள்ளியின் அருகே நின்றது. காலையில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி, மாலையில் ஊரார்க்கு. ஊருக்கு ஒரே பெட்டி. ஆகவே எவரும் தனியே பார்க்க இயலாது.

அச்சோதனையில் நமக்கு மிகவும் பொருந்துவதொரு செய்தி உண்டு. அச்செயற்கைக்கோள் ஒரு படத்துடன் இரண்டு ஒலிகளை ஏந்தி வரவல்லது. ஆகவே ஒரே படத்தை ஆந்திரச் சிற்றூரார் தெலுங்கிலும் கருநாடகச் சிற்றூரார் கன்னடத்திலும் கேட்டனர். இதற்கும் முன்னே, 1947ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் தொடங்கிய குழந்தை இதழ், தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் வெளிவந்தது. படம் ஒன்று, மொழி இரண்டு! அவ்விதழ்கள் இன்று வெளிவருவதில்லையாயினும் அவ்வழக்கம் நம் வீடுகளில் தொடரலாம். தெலுங்கு வீதியும் தமிழ் வீடும் உடைய நம் குழந்தைக்கு ஒரு படத்திற்கு இரு சொற்கள் கிடைத்தல் இழப்பாகுமா? அஃது இரட்டை வருவாய் அன்றோ!

மடியின் ஆற்றல்

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு நவம்பரில் செசாமே ஸ்ட்ரீட் என்னும் குழந்தை நிகழ்ச்சி தொடங்கிற்று. அதனை உருவாக்கியோர் பெரியவர்களும் சுவைக்கத்தக்க நகைச்சுவையை வேண்டுமென்றே அதில் கலந்தனர். பெற்றோர் எழுந்து போய்விடாமல் குழந்தையின் அருகிலேயே அமரவேண்டும் என்பதே அதன் நோக்கம். முதலாண்டின் பயனை ஆராய்ந்தபோது, தாய் உடனமர்ந்து பார்த்து அதைப் பற்றிப் பேசிய குழந்தைகள் மிகுதியாகக் கற்றமை தெரியவந்தது. 1977ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டில் சாலமன் என்னும் அறிஞர் இதனையே சோதித்தார். ஐந்து வயதுக் குழந்தைகளின் தாய்மாரை உடனிருந்து பார்க்கத் தூண்டியபோது, வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளே பெரிதும் பயன்பெற்றனர். பணமுள்ளவர் வீட்டில் வேறு வாய்ப்புகள் பல. எளியவர் வீட்டில் தாயின் அருகிருப்பே பெருஞ்செல்வம். அச்செல்வத்திற்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை. நேரத்தை மட்டும் கொடுத்தல் வேண்டும்.

அந்நேரந்தான் இல்லையே என்கின்றீர்கள். உண்மை. விடியுமுன் எழுந்து, புத்தூருக்கும் திருப்பதிக்கும் பேருந்தில் சென்று, இருட்டிய பின் திரும்பும் தாய்மாரிடம் "நீங்கள் அமரவில்லை" என்று குற்றஞ்சாட்ட எமக்கு உரிமையில்லை. குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு உலையை ஏற்றும் தாய் அன்பில்லாதவள் அல்லள்; துணையில்லாதவள். ஆகவே இது தாய் ஒருத்தியின் கடமை என்று ஒதுக்கிவிடாது, தந்தை, தாத்தா, பாட்டி, அக்காள், அண்டை வீட்டார், இச்சங்கம் ஆகிய எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பணி என்று கொள்ளுதல் வேண்டும்.

அளவும் முறையும்

அளவைப் பற்றி மருத்துவர்கள் தெளிவாகக் கூறியுள்ளனர். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, குறைவாயின் இன்னும் நன்று என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு உறவினருடன் காணொளியில் பேசுதல் தவிர வேறு திரை வேண்டா என்றும், இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு மணிக்கு மேல் வேண்டா என்றும் அறிவுறுத்தியுள்ளது.

முறையைப் பற்றி, எம் பேத்தியிடம் யாம் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, உணவு வேளையில் திரை வேண்டா. பழகிய குழந்தை முதற்கிழமை அழும். எம் பேத்தி மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் காக்கைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று திண்ணையில் அமர்ந்து உண்டாள்.

இரண்டாவது, எதைப் பார்ப்பது என்பதைப் பெரியவர் முன்னரே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே ஓடும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். 2001ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலையர்க்குரிய பாடல்களும் கதைகளும் உள்ளன. தமிழக அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை இங்கிருந்தும் இணையத்தில் காணலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் பல, தமிழிலும் தெலுங்கிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தாத்தா தமிழிலும் எதிர்வீட்டு அக்காள் தெலுங்கிலும் படித்துக் காட்டலாம்.

மூன்றாவது, பார்க்கும்போது நிறுத்துங்கள். படத்தில் மாம்பழம் வந்தால் நிறுத்தி, "இதை நாம் எங்கே பார்த்தோம்? தெலுங்கில் மாமிடிப் பண்டு என்பார்களே, நாம் என்னவென்று சொல்வோம்?" என்று கேளுங்கள். குழந்தை விடை சொல்லும்வரை பொறுங்கள். அந்தப் பொறுமையே பாடம். நாம் முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டால் நாமும் மற்றோர் இயந்திரமாகிவிடுவோம்.

நான்காவது, திரையை மூடியபின் அதே பொருளை மண்ணில் காட்டுங்கள். எறும்பைப் பற்றிப் படம் பார்த்தால், கொல்லையில் சர்க்கரை ஒரு சிட்டிகை இட்டு எறும்பு வரிசையைப் பாருங்கள். நிலாப் பாட்டுக் கேட்டால் மாடிக்குச் செல்லுங்கள். நிலக்கடலையைக் கண்டால், அறுவடைக் காலத்தில் செடியைப் பிடுங்கி, காய் மண்ணுக்குள் இருப்பதைக் காட்டுங்கள். திரையில் தொடங்கியது திரையில் முடியலாகாது.

ஐந்தாவது கடினமானது. குழந்தையின் அருகில் அமர்ந்து நாம் நம் கைப்பேசியைப் பார்த்தல் கூடாது! அருகிருத்தல் வேறு, உடனிருத்தல் வேறு. எம் மகன் ஒருநாள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே தன் கருவியில் மூழ்கியிருந்தான். குழந்தை அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிற்று. அந்தச் சிறு கைக்கு எந்த ஆய்வும் கற்பிக்கவில்லை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

இச்சங்கத்திற்கு ஒரு கூடம் உண்டு. சுவரில் மாட்டிய பெரிய திரையும் உண்டு. ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரத்தைக் குழந்தைகட்கு ஒதுக்குங்கள். இருபது நிமிடம் ஒரு நல்ல தமிழ்க் கதையையோ பாடலையோ கூடிப் பார்ப்போம். மீதி நாற்பது நிமிடம் அதைப் பேசுவோம், ஆடுவோம், வரைவோம். ஒவ்வொரு குழந்தையுடனும் வீட்டார் ஒருவர் வரவேண்டும் என்பது ஒன்றே கட்டணமாக இருக்கட்டும். துணைக்கு வர இயலாத வீட்டுக் குழந்தைகளுக்கு, பணி ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் நம் போன்ற முதியோர் தாத்தா பாட்டியராக அமர்வோம். தெலுங்கு நண்பர்களின் குழந்தைகளும் வரட்டும். அவர்கள் ஒரு சொல் கொடுத்து ஒரு சொல் கொண்டு செல்லட்டும். முதல் ஞாயிறு பாய் விரிக்கும் பணியை எமக்குத் தாருங்கள்.

பேத்தியின் கதையை முடித்துவிட்டு அமர்கின்றோம். அவளுக்கு இப்பொழுது ஐந்து வயது. இன்றும் நாள்தோறும் சிறிது நேரம் திரை உண்டு. ஆயின் எவரேனும் ஒருவர் மடியிலோ தோளருகிலோ இருந்தாக வேண்டும். சென்ற திங்கள் அதே மாந்தோப்பு வழியில் ஆட்டு மந்தை வந்தது. "தாத்தா, ஆடு! தெலுங்கில் மேக்க!" என்று கூவி, கையிலிருந்த தழையை நீட்டினாள். ஆட்டிடையர் சிரித்து, "பேரு ஏமிடம்மா?" என்று தெலுங்கில் வினவினார். அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "உங்க பேரு என்ன?" என்று தமிழில் கேட்டாள். அவரும் தமிழிலேயே விடை சொன்னார்! எல்லையூர்க்காரர் அல்லரோ! இம்முறை அவள் சொல் ஒருவரை நாடிச் சென்றது. மறுமொழியுடன் திரும்பியும் வந்தது. அதனினும் மேலான மொழிக்கல்வியை யாம் அறியோம்.

குழந்தைகளே, உங்களை நெடுநேரம் காக்கவைத்துவிட்டோம். இனி ஆட்டமும் பாட்டும் தொடங்கட்டும். பெரியோர்களே, அவற்றை உங்கள் கைப்பேசியில் படமெடுப்பதை இன்று ஒருநாள் விடுத்து, உங்கள் குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டு பாருங்கள் என்று வேண்டி அமர்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!